பழைய வேனை மோட்டார் ஹோமாக மாற்றிக் குடும்பத்தோடு பயணம் போகலாமா? பராமரிப்பு கஷ்டமா?

தாராளமாகப் போகலாம். கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டினத்திலிருந்து நாங்கள் நான்கு வருடமாகப் போய் வருகிறோம். பழைய டிராவலர் வேன் ஒன்றை வாங்கி, கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் வைத்து மாற்றிய வண்டி. அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். வழியில் இருக்கும் கழிப்பறைகளில் உட்கார்ந்து எழுந்திருக்க முடியாது என்பதற்காகவே கோயில், கல்யாணம் எதற்கும் வராமல் வீட்டோடு இருந்துவிட்டார். அவருக்காகத்தான் இந்த வண்டி.

பராமரிப்பில் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பது எடை. இதை நான் தொப்பூரில் கற்றுக்கொண்டேன்.

முதல் பயணம் ராமேஸ்வரத்துக்கு. தர்மபுரி தாண்டி சேலம் பக்கம் இறங்கும் தொப்பூர் கணவாய் எப்படிப்பட்ட நீண்ட இறக்கம் என்று நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நான் நாலாவது கியரிலேயே பிரேக்கை மிதித்து மிதித்து இறங்கினேன். இரட்டைப் பாலம் வருவதற்குள் கருகல் வாடை. பெடல் வழக்கத்தைவிட ஆழமாகப் போயிற்று. கியரைக் குறைத்து, ஓரம் கட்டி நிறுத்தினேன். சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோக முடியாத சூடு. தண்ணீர் ஊற்றலாம் என்று கேனைத் தூக்கினேன். அங்கே நின்றிருந்த லாரி ஓட்டுநர் ஓடிவந்து தடுத்தார். “ஊத்தாதீங்க தம்பி, டிரம்மு விரிசல் விட்டுடும். தானா ஆறட்டும். ஏறுற கியர்லதான் இறங்கணும், பிரேக்க நம்பி மலை இறங்கக் கூடாது.” முக்கால் மணி நேரம் நின்று, பெடல் பழையபடி இறுகிய பிறகு, இரண்டாவது கியரில் மெதுவாக இறங்கினோம்.

ஊருக்கு வந்ததும் மெக்கானிக்கிடம் காட்டினேன். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் சேர்ந்த ஆயில் சீக்கிரம் கொதித்துக் குமிழி விடும். அப்போது பெடல் உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றியே ஆக வேண்டும். அதை மாற்றிவிட்டு அவர் கேட்ட கேள்விதான் முக்கியம்: “அண்ணே, வண்டிய எடை போட்டுப் பாத்தீங்களா?”

கிரானைட் லாரிகள் எடை போடும் எடைமேடைக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமே இல்லை. தண்ணீர்த் தொட்டியை நிரப்பி, சிலிண்டர், பாத்திரம், துணிமணி எல்லாம் ஏற்றி, ஆட்களும் உட்கார்ந்து முழு எடை போடுங்கள். பிறகு பின் சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தி இன்னொரு முறை போடுங்கள். மொத்த எடை ஆர்.சி.யில் உள்ள லேடன் வெயிட்டுக்குள் (பாரத்தோடு சேர்த்து அனுமதித்த எடை) இருந்தாலும் பின் அச்சில் பாரம் கூடியிருக்கலாம். எங்கள் வண்டியில் அதுதான் நடந்திருந்தது. 150 லிட்டர் தொட்டி கடைசியில் இருந்தது. தண்ணீர் மட்டுமே 150 கிலோ. அலமாரி முழுக்க 18 மி.மீ. பிளைவுட், எட்டுக்கு நாலு பலகை ஒன்றே முப்பது கிலோவுக்கு மேல். வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி, பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் பேட்டரி ஒன்று, அது ஐம்பது கிலோவுக்கு மேல்.

எல்லாவற்றையும் பிரித்துப் போட்டேன். தொட்டியை 80 லிட்டராக்கி இரண்டு அச்சுக்கும் நடுவில் கொண்டுவந்தேன். அலமாரிக்கு அலுமினியச் சட்டமும் 6 மி.மீ. பலகையும். பேட்டரிக்குப் பதில் 100 ஏ.எச். லித்தியம் அயர்ன் பாஸ்பேட். டியூபுலரின் சார்ஜைப் பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் குறையும், ஆக அதில் கைக்குக் கிடைப்பது 75 ஏ.எச்.தான். லித்தியத்தில் எண்பதுக்கு மேல் எடுக்கலாம், எடையோ பன்னிரண்டு கிலோ பக்கம். ஆனால் வண்டியின் ஆல்டர்னேட்டரிலிருந்து நேராக ஒயர் இழுத்து அதைச் சார்ஜ் செய்யாதீர்கள். ஆல்டர்னேட்டர் சூடேறிப் போய்விடும். நடுவில், மின்சாரத்தை அளவாக எடுத்துக் கொடுக்கும் டிசி-டிசி சார்ஜர் கட்டாயம் வேண்டும்.

அடுத்தது தண்ணீர். கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்திலும் பல ஊர்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஃபுளோரைடு கொதிக்க வைத்தாலும் போகாது. அதனால் வழியில் பிடிக்கும் போர் தண்ணீர் பாத்திரம் கழுவவும் குளிக்கவும் மட்டும். குடிக்கவும் சமைக்கவும் தனியாக 20 லிட்டர் கேன். போர் தண்ணீரின் உப்பு பம்பிலும் ஹீட்டர் காயிலிலும் வெள்ளையாகப் படியும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை சிட்ரிக் ஆசிட் கரைத்துத் தொட்டியில் ஊற்றி, குழாய் வரை வரவிட்டு, ஒரு ராத்திரி வைத்து அலசிவிடுகிறேன்.

வண்டி சும்மா நிற்கும்போதும் கெடும். முதல் வருடம் மாந்தோப்பில், மர நிழலில் நிறுத்தினேன். ஒரு மாதம் கழித்துச் சாவி போட்டால் ஹெட்லைட் இல்லை, வைப்பர் இல்லை. பானட்டைத் திறந்தால் ஒயரெல்லாம் கடித்துப் போட்டு, இன்ஜின் மேலேயே எலி கூடு கட்டியிருந்தது. கூரையில் மாவிலை மக்கி, தண்ணீர் தேங்கி, வென்டிலேட்டர் ஓரமாக உள்ளே கசிந்து மெத்தை பூஞ்சை பிடித்திருந்தது. இப்போது வெட்டவெளியில் ஷீட் போட்ட கொட்டகை. வாரம் ஒரு முறை பானட்டைத் திறந்து பார்த்து, இருபது கிலோமீட்டராவது ஓட்டிவிடுவேன். கூரை இடுக்குகளுக்கு சிலிகான் வேண்டாம். அதன்மேல் பிறகு எதுவும் ஒட்டாது. கீழே பியூட்டைல் டேப், மேலே பாலியூரித்தேன் சீலன்ட். ஐப்பசி மழைக்கு முன்னால் கூரைமேல் ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடித்துப் பாருங்கள். டயரில் பட்டன் தேயாமல் இருக்கிறதே என்றும் நம்ப வேண்டாம். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம் செய்தது. ஆறு வருடம் தாண்டினால் நான் மாற்றிவிடுவேன்.

கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தங்கும். சிலிண்டர் அறையின் அடித்தட்டிலேயே காற்றுத் துளை விட வேண்டும். ஒவ்வொரு பயணத்துக்கும் முன் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்ப்பது என் மனைவியின் வேலை. அவள் சரி என்று சொல்லாமல் வண்டி நகராது.

வெல்டிங்கில் கை வைப்பதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றினால் அதைப் பதிவு செய்தாக வேண்டும். செய்யாவிட்டால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸ் சிக்கலாகும்.

தங்குவதற்கு அனுமதி கேட்டு பெட்ரோல் பங்க் ஓரம் நிறுத்துவதுதான் எங்கள் வழக்கம். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி காட்டுப் பாதையில் மட்டும் இருட்டியபின் எங்கேயும் நிறுத்த வேண்டாம், யானை நடமாட்டம் உள்ள இடம்.

கழிப்பறைக்கு நாங்கள் வைத்திருப்பது கழற்றி எடுக்கும் தொட்டியுள்ள சின்னப் போர்ட்டபிள் டாய்லெட். வீட்டுக்கு வந்து எங்கள் செப்டிக் டேங்கில் கொட்டிக் கழுவுகிறோம், ஆற்றிலோ ஓடையிலோ ஒருநாளும் கொட்டியதில்லை. அம்மாவின் உயரத்துக்கு ஏற்றபடி அதன் கீழே ஓர் அடி மேடை கட்டி, சுவரில் இரண்டு பக்கமும் ஸ்டீல் கைப்பிடி பொருத்தியிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் வயதானவர்கள் இருந்தால் கட்டிலுக்கு இடம் பார்ப்பதற்கு முன்பே அந்தக் கைப்பிடிக்கு இடம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.