வண்டி சூடாகிறதா? எப்போது என்று முதலில் சொல்லுங்கள்

கே: என் அம்பாசடர் ஹீட் ஆகிறது. என்ன செய்யலாம்? (திருச்சி)

பெட்ரோலா டீசலா, எந்த வருட மாடல், எப்போது சூடாகிறது, தண்ணீர் குறைகிறதா என்று எதுவும் எழுதவில்லை. இதற்கு ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

சிக்னலில் நிற்கும்போது சூடு ஏறி, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்கினால் காற்று போதவில்லை. ஃபேன் பெல்ட்டை நடுவில் அழுத்திப் பாருங்கள், அரை அங்குலம் உள்ளே போகலாம். ரேடியேட்டரின் முன்பக்கத்தில் பூச்சியும் தூசியும் அடைத்திருந்தால் இன்ஜின் பக்கமிருந்து தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். ஃபேன் முன்பின் மாற்றிப் பூட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பட்டறைக்குப் போய்வந்த வண்டிகளில் இது சகஜம். இன்ஜின் ஓடும்போது ரேடியேட்டரின் முன்பக்கம் ஒரு காகிதத்தைக் காட்டினால் அது ஒட்டிக்கொள்ள வேண்டும்.

நின்றால் நன்றாக இருந்து, நெடுஞ்சாலையில் மட்டும் ஏறினால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை. இரண்டிலும் ஏறினால் டைமிங் (ஸ்பார்க் வரும் நேரம்), மிக்சர் (பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவு), ஹெட் கேஸ்கட் (இன்ஜினுக்கும் அதன் மேல்பாகமான ஹெட்டுக்கும் நடுவிலுள்ள தகடு) என்று போக வேண்டும். அடுத்த முறை இதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கே: ரேடியேட்டரில் கழுத்துவரை தண்ணீர் ஊற்றினாலும் மறுநாள் ஒரு அங்குலம் குறைகிறது. லீக் எங்கேயும் இல்லை. (மதுரை)

லீக் இல்லை. தண்ணீர் சூட்டில் விரிந்து ஓவர்ஃப்ளோ குழாய் வழியே வெளியே போகிறது. ஒரு அங்குலம் குறைந்து அங்கேயே நின்றால் அதுதான் அதன் அளவு. விடுங்கள்.

கே: சூடாகிறது என்று மெக்கானிக் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிட்டார். 'நம்ம ஊர் வெயிலுக்கு அது தேவையே இல்லை' என்கிறார். இப்போது சரியாக இருக்கிறது. அப்படியே விடலாமா? (கோயம்புத்தூர்)

விடக்கூடாது. தெர்மோஸ்டாட் என்பது இன்ஜின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் மூடி, சூடேறியதும் திறக்கும் வால்வு. தமிழ்நாட்டில் ஓடும் பழைய வண்டிகளைத் திறந்து பார்த்தால் இந்தப் பொருள் இருக்கும் வண்டியைத் தேட வேண்டியிருக்கிறது. 'வெயில் ஊருக்கு வேண்டாம்' என்பது தலைமுறை தலைமுறையாகப் பட்டறையில் சொல்லிக் கொடுக்கப்படும் தப்பு. வெளியே 40 டிகிரி இருந்தாலும் இன்ஜினுக்கு 80 டிகிரிக்கு மேல் வேண்டும். அதற்குக் கீழேயே ஓடினால் பெட்ரோல் முழுதாக ஆவியாகாமல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும். சிலிண்டரின் உட்சுவர் (போர்) தேயும். ஆயிலில் ஈரம் தங்கிச் சேறாகும். மைலேஜும் விழும்.

சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடும். அதை எடுத்துவிட்டால் சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் திரும்பிவிடும், அதாவது சூடு கூடத்தான் செய்யும். 'தண்ணீர் வேகமாக ஓடினால் ஆற நேரமில்லை' என்று, தெர்மோஸ்டாட் வேண்டும் என்னும் என் கட்சியார் சொல்லும் காரணமும் தப்பு. வேகமாக ஓடினால் சூடு இன்னும் நன்றாகத்தான் கடத்தப்படும்.

எனக்கு இதைவிடப் பெரிய மனக்குறை வேறு. தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவதால் உண்மையான நோய் மறைந்துபோகிறது. உங்கள் ரேடியேட்டர் மூன்றில் ஒரு பங்கு அடைத்திருக்கலாம். இப்போது மாசி மாதம், தாக்குப்பிடிக்கிறது. சித்திரையில் முழு லோடோடு மலை ஏறும்போது தெரியும். அன்றைக்குக் கழற்ற எதுவும் மிச்சமிருக்காது.

புதியது நானூறு, ஐந்நூறு ரூபாய்தான். மாட்டும் முன் சோதியுங்கள். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டி, அடியில் படாமல் தொங்கவிடுங்கள். பக்கத்தில் தெர்மாமீட்டர். 82 என்று பொறித்திருந்தால் 80 முதல் 85க்குள் திறக்கத் தொடங்க வேண்டும். தண்ணீர் கொதிக்கும்போது கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர் திறந்திருக்க வேண்டும். ஸ்பிரிங் பக்கம் இன்ஜினைப் பார்த்து, காற்று போகும் சின்ன ஆணி மேலே வரும்படி மாட்டுங்கள். அந்த ஆணி இல்லாத ரகம் என்றால் தட்டில் 3 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று போடுங்கள். இல்லாவிட்டால் காற்று அடைத்துக்கொண்டு, புதிது போட்டும் சூடாகிறது என்று மறுபடி எனக்கே எழுதுவீர்கள்.

கே: ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1968. ஊருக்குள் பிரச்சினை இல்லை. ஈசிஆரில் 70 தாண்டினால் முள் ஏறுகிறது. ரேடியேட்டர் போன வருடம்தான் ராட் அடித்தது (கம்பி விட்டு அடைப்பு எடுத்தது). (சென்னை)

நல்ல கேள்வி, தேவையான விவரம் எல்லாம் இருக்கிறது. கீழ் ஹோஸைப் பாருங்கள். பம்ப் வேகமாகச் சுற்றும்போது அந்தப் பக்கம் உறிஞ்சும். ஹோஸ் தொளதொளத்துப் போயிருந்தால் சப்பி அடைத்துக்கொள்ளும், இன்ஜின் வேகம் குறைந்ததும் பழையபடி ஆகிவிடும். இன்ஜினைச் சூடாக்கி, இன்னொருவரை ஆக்சிலரேட்டர் மிதிக்கச் சொல்லி நேரில் பாருங்கள். பானெட் முழுதாக முன்னால் கவிழும் வண்டி என்பதால் உங்களுக்குச் சுலபம். கை மட்டும் ஃபேன் பக்கம் போகவேண்டாம்.

ஹோஸ் சரியாக இருந்தால் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் ரேடியேட்டரின் கோர் பகுதியை (தண்ணீர் ஓடும் சன்னக் குழாய்கள் உள்ள நடுப்பாகம்) கட்டம் கட்டமாக அளந்து பாருங்கள். மேலிருந்து கீழே சூடு சீராகக் குறைய வேண்டும். நடுவில் ஓர் இடம் மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே அடைப்பு, ராட் அடித்தவர் பாதியில் விட்டிருக்கிறார். பளபளக்கும் பித்தளையில் அந்தக் கருவி பொய் சொல்லும், கறுப்பு பெயின்ட் அடித்த இடத்தில் அளங்கள்.

கே: பத்மினி. ஒருமுறை கொதித்து நின்றது. அதிலிருந்து ரேடியேட்டரில் குமிழ் வருகிறது, காலையில் ஸ்டார்ட் செய்ததுமே. ரேடியேட்டர் மாற்றச் சொல்கிறார்கள். (சேலம்)

மாற்றாதீர்கள். குளிர்ந்த இன்ஜினில் விடாமல் குமிழ் வந்தால் சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் கசிகிறது, ஹெட் கேஸ்கட் போய்விட்டது. பத்மினியின் ஹெட் அலுமினியம், ஒருமுறை கொதித்தாலே கோணும். கேஸ்கட் மட்டும் மாற்றினால் மாதம் தாங்காது. ஹெட்டின் மேல் நேர்ச்சட்டம் வைத்து, குறுக்கும் நெடுக்கும் ஃபீலர் கேஜ் விட்டுப் பாருங்கள். 0.1 மில்லிமீட்டர் நுழைந்தால் ஃபேஸிங் அடித்தே (மெஷினில் சீவிச் சமப்படுத்தியே) ஆகவேண்டும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளியே, மூன்று சுற்றாக, டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்குங்கள்.

எத்தனை முறை எழுதினாலும் தகும்: கொதிக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள், சூடான இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். அரை மணி நேரம் காத்திருங்கள். முகமும் தப்பும், ஹெட்டும் தப்பும்.

கே: மொறிஸ் மைனர் 1000. தண்ணிப் பம்பிற்கும் ஹெட்டிற்கும் நடுவில் உள்ள சின்ன ஹோஸ் கசிகிறது. அடைத்துவிடலாமா? (யாழ்ப்பாணம்)

அடைக்க வேண்டாம். தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போது ஹெட்டில் தண்ணீர் சுற்றுவது அந்தப் பைபாஸ் வழியாகத்தான். மடிப்பு மடிப்பான ரகம் கிடைக்கும், அமுக்கிச் சுருக்கினால் பம்பைக் கழற்றாமலே உட்காரும். சாதா ரகம் என்றால் பம்ப் கழற வேண்டும். உங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறியது, ரேடியேட்டருக்கு ஆகாது. பற்றரிக் கடையில் விற்கும் டிஸ்டில்ட் வோட்டர் ஊற்றுங்கள்.

கே: கூலன்ட்டைத் தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றினால் இன்னும் குளிருமா? (வேலூர்)

குளிர்ச்சி குறையத்தான் செய்யும். ஒரு பங்கு கூலன்ட், இரண்டு பங்கு டிஸ்டில்ட் வாட்டர். நமக்கு வேண்டியது அதிலுள்ள துருத்தடுப்பு.

கே: வெயிலில் ஓட்டி, டீக்கு நிறுத்தினால் கால் மணி கழித்து ஸ்டார்ட் ஆவதில்லை. முள் நடுவில்தான் இருக்கிறது. (திருநெல்வேலி)

இது ஓவர்ஹீட் இல்லை, வேப்பர் லாக். பம்பிலும் குழாயிலும் பெட்ரோல் ஆவியாகிவிடுகிறது. ஈரத்துணியை ஃப்யூவல் பம்பின் மேல் போட்டுப் பாருங்கள், ஸ்டார்ட் ஆனால் அதுதான். பெட்ரோல் குழாயை, புகை வெளியேறும் சூடான மேனிஃபோல்டிலிருந்து தள்ளிக் கொண்டுபோங்கள். பம்புக்கு அடியில் வைக்கும் சூடு தடுக்கும் கட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இ-20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) வந்தபிறகு மிக்சரும் கொஞ்சம் லீனாகியிருக்கும் (காற்றுக்கு எரிபொருள் போதாது), கார்புரேட்டரையும் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.

கே: ரேடியேட்டர், பம்ப், தெர்மோஸ்டாட் எல்லாம் புதிது. இருந்தும் முள் முக்கால் தாண்டுகிறது. (ஈரோடு)

பொருளை மாற்றும் முன் அளந்திருக்கலாம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடும் பாய்ன்ட்டின் இடைவெளி பாருங்கள், 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். பாய்ன்ட்டின் குதி தேய்ந்து இடைவெளி குறைந்தால் டைமிங் பின்தங்கும், சூடு ஏறும். இன்னொன்று: பெட்ரோல் முள்ளும் இருப்பதைவிட அதிகம் காட்டுகிறதா? இரண்டும் சேர்ந்து ஏறினால் மீட்டருக்குப் பின்னால் இருக்கும் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் போயிருக்கும். இன்ஜினுக்கு ஒன்றுமில்லை.

கே: 7 பவுண்டு அழுத்தம் தாங்கும் ரேடியேட்டர் மூடிக்குப் பதில் 15 பவுண்டு மூடி போடலாமா? (கரூர்)

ரேடியேட்டரின் பற்றவைப்புகளை ஒவ்வொன்றாகப் பிளக்க வேண்டுமென்றால் போடலாம். 7 பவுண்டிலேயே தண்ணீர் ஏறக்குறைய 110 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் வாஷர் வெடித்த பழைய மூடியை மாற்றுங்கள், அது போதும். சூட்டில் திறக்காமல்.

கே: லீக்குக்கு ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடலாமா? (தஞ்சாவூர்)

நடுவழியில் நின்றால் இரண்டு ஸ்பூன், ஊர் வந்து சேரும்வரை. மறுநாளே முழுதாக ஃப்ளஷ் செய்துவிட்டு ஓட்டையைப் பற்றவையுங்கள். லீக்கை அடைத்த அதே மஞ்சள் ரேடியேட்டரின் கோர் குழாய்களையும் அடைக்கும்.