பூனை இமையில் புற்று: உதட்டுத் தோல் கைகொடுக்குமா?

கேள்வி: எங்கள் வெள்ளைப் பூனைக்கு 10 வயது. கீழ் இமையில் நாலு மாதமாகப் புண் ஆறவில்லை. தோல் புற்று என்கிறார் டாக்டர். பாதி இமையை எடுத்துவிட்டு உதட்டுத் தோலை வைத்துத் தைக்க வேண்டுமாம். அப்புறம் கண் மூடுமா?
- மதுரை வாசகி

பதில்: மூடும். இமை விளிம்பில் மூன்றில் ஒரு பங்குக்குள் போனால் இரண்டு ஓரத்தையும் இழுத்துத் தைத்துவிடலாம். பாதி போனால் அப்படி இழுபடாது. உதட்டிலோ வெளியே தோல், உள்ளே ஈரச் சவ்வு, நடுவே முடியில்லாத விளிம்பு என இமைக்கு உள்ள எல்லாமே இருக்கிறது. அடிப்பகுதியை அறுக்காமல், ரத்த ஓட்டத்தோடு அதை மேலே திருப்பித் தைப்பார்கள். வாய் ஓரம் கொஞ்சம் சுருங்கும், சாப்பாட்டுக்குத் தடையில்லை. முதல் சில நாள் வீங்கும். நுனி கறுத்தாலோ, புது இமையின் முடி கருவிழியில் உரசிக் கண்ணைச் சுருக்கினாலோ உடனே காட்டுங்கள். தையல் பிரிக்கும்வரை, 10 முதல் 14 நாள், புனல் காலரைக் கழற்றாதீர்கள்.

செல்லப்பிராணிக் கடைக்காரர் 'வீட்டுக்கே வந்து வெட்டிவிடுவார்' என்று ஒருவரைக் காட்டுவார். மயக்க மருந்து, ஆக்சிஜன் எதுவும் இருக்காது. கண்ணில் பட்டதை மட்டும் எடுப்பார். வேர் தங்கி மறுபடி வளரும். அடுத்த முறை இமையே மிஞ்சாது. மருந்துக் கடையில் தரும் ஸ்டீராய்டு களிம்பும் வேண்டாம். சிவப்பு அடங்கி ஆறுவதுபோல் ஏமாற்றும். கருவிழியில் புண் இருந்தால் ஓட்டையே விழலாம்.

வெட்டிய சதையைக் குப்பையில் போட விடாதீர்கள். அதைப்போல் பத்து மடங்கு ஃபார்மலினில் (சதை கெடாமல் காக்கும் திரவம்) போட்டு, எந்த ஓரம் எது என்று தெரிய மூக்குப் பக்க ஓரத்தில் ஒரு நூல் முடிந்து, திசு ஆய்வுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஸ்பிரிட் ஆகாது. பல ஊர்களில் அந்தப் பாட்டிலைப் பூனைக்காரரே பஸ்ஸில் சுமக்க வேண்டியிருப்பது வெட்கக்கேடு. இத்தனை கால்நடைக் கல்லூரிகள் திறந்து என்ன பயன்? உங்களுக்குப் பக்கம் தேனி கால்நடைக் கல்லூரி. முதலில் அங்கே விசாரியுங்கள்.

'ஓரத்தில் செல்கள் மிச்சம்' என்று ரிப்போர்ட் வந்தால், ஸ்குவாமஸ் செல் புற்று என்ற தோல் புற்றுக்கு மறு அறுவை தேவைப்படலாம். ஆனால் அதே ரிப்போர்ட் 'மாஸ்ட் செல் கட்டி' (ஒவ்வாமையில் வேலை செய்யும் செல்களில் வரும் கட்டி) என்றால் கதை வேறு. நாய்க்கு அது பயமுறுத்தும் பெயர்; பூனை இமையில் பெரும்பாலும் சாதுவானது. ஓரத்தில் மிச்சம் இருந்தாலும் திரும்ப வருவது குறைவு. மறுபடி வெட்டச் சொன்னால் இன்னொரு டாக்டரிடமும் கேளுங்கள். உடம்பில் வேறு இடங்களிலும் கட்டிகள் இருந்தால், மண்ணீரலிலும் இருக்கிறதா என்று ஸ்கேன் செய்ய வேண்டும்.

வலிக்கு டாக்டர் எழுதியதை மட்டும் கொடுங்கள். பாரசிட்டமால் கால் மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடலாம்.