பலம் மிக்க கார் ஏன் தோற்கிறது?

கேள்வி: அமெரிக்க டிராக் பந்தயங்களில் குதிரைத்திறன் குறைந்த கார், தன்னைவிடப் பலமான காரை முந்துவதைக் காணொளிகளில் பார்க்கிறேன். நேர்கோட்டில் கால் மைல் ஓட எஞ்சின் பலத்தைத் தவிர வேறென்ன வேண்டும்?

பதில்: அந்தப் பலத்தைத் தரையில் இறக்க வேண்டும். முதல் கியரில் வலுவான எஞ்சின் எதுவாயினும் டயரை வழுக்கிச் சுழலவைத்துவிடும் என்பதால், முதல் 60 அடியில் எல்லை வகுப்பது டயரின் பிடிப்புதான். வேகம் ஏறிய பின்னரே குதிரைத்திறனின் ஆட்சி தொடங்குகிறது. 1,000 கிலோ எடையும், அரை மீட்டர் உயரத்தில் ஈர்ப்பு மையமும், முன், பின் சக்கரங்களுக்கிடையே 2.5 மீட்டர் இடைவெளியும் (சக்கர இடைவெளி) கொண்ட கார், புவியீர்ப்புக்கு நிகரான முடுக்கத்துடன் பாய்ந்தால், முன் சக்கரங்களின் மீதிருந்த 200 கிலோ பின்னுக்கு மாறும். பின் சக்கரங்கள் உந்தும் காரில், அங்கு எடை கூடக்கூடப் பிடிப்பும் கூடும். அந்த எடை எத்தனை விரைவாக, எத்தனை அழுத்தமாக டயரைச் சென்றடைகிறது என்பதைத் தீர்மானிப்பவை ஸ்பிரிங்கும், ஷாக் அப்சார்பரும், பின் அச்சைத் தாங்கும் தண்டுகளின் கோணமுமே. தண்டு பொருத்தப்படும் துளையை ஒரு படி மாற்றினாலே டயர் தரையில் அறையப்படும் வேகம் மாறிவிடும். அளவுக்கு மீறி அறைந்தாலோ டயர் துள்ளிப் பிடிப்பை இழக்கும்.

முன் சக்கரங்கள் வானை நோக்கி எழும்போது கூட்டம் ஆரவாரிக்கிறது. ஆனால் அவை தரையை விட்டு நூலளவு எழுந்த கணத்திலேயே முழு எடையும் பின்னுக்கு வந்துவிடுகிறது. அதற்கு மேல் எழுவது என் பார்வையில் வீண் செலவு.

ஓட்டம் முடிந்ததும் தரும் நேரச் சீட்டைப் பாருங்கள்: முடிவுக் கோட்டு வேகம் எஞ்சினின் பலத்தைக் காட்டும், முதல் 60 அடியைக் கடந்த நேரம் சேஸிஸை, அதாவது சட்டகமும் ஸ்பிரிங் முதலானவையும் சேர்ந்த அடிப்பாகத்தை, காட்டும். வேகம் மிகுந்தும் மொத்த நேரம் கூடியிருந்தால், எஞ்சினுக்குப் பணம் கொட்டுவதை நிறுத்திவிட்டுச் சேஸிஸைக் கவனிப்பதே முறை.

கேள்வி: டிராக் பந்தயத்தின் அதிவேகப் பிரிவான டாப் ஃபியூயல் கார்களில் பின் சஸ்பென்ஷனே (ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் அமைப்பே) இல்லையாமே?

பதில்: உண்மைதான். பின் அச்சு சேஸிஸுடன் நேரடியாகப் பிணைக்கப்பட்டிருக்கும். 300 அங்குலச் சக்கர இடைவெளி கொண்ட அந்த நீண்ட குழாய்ச் சட்டகம் வளைந்து கொடுத்தே ஸ்பிரிங்கின் வேலையைச் செய்கிறது. 10,000 குதிரைத்திறனுக்கும் மேற்பட்ட அந்த எஞ்சினின் முழு ஆற்றலையும் புறப்படும்போதே அனுப்பினால் டயர் தாங்காது. எனவே கிளட்சை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, ஓடுபாதையில் முன்னேற முன்னேறச் சிறுகச் சிறுக இறுக்குகிறார்கள்.