லடாக் போகும்போது புது சீரம், சன்ஸ்கிரீன், ஃபவுண்டேஷன் எல்லாம் முயன்று பார்க்கலாமா?

கேள்வி: சென்னையிலிருந்து எட்டு நாள் லே, நுப்ரா, பாங்கோங் போகிறோம். ரெட்டினால் சீரம், 20% வைட்டமின் சி, சன்ஸ்கிரீன், ஃபவுண்டேஷன் எல்லாம் புதிதாக வாங்கி வைத்திருக்கிறேன். ஆர்டருடன் வந்த சாம்பிள் பாக்கெட்டுகளும் ஏழெட்டு இருக்கின்றன. லீவில்தான் நேரம் கிடைக்கும். அங்கேயே ஆரம்பிக்கலாமா?

ரெட்டினாலையும் வைட்டமின் சி-யையும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். சன்ஸ்கிரீன் கட்டாயம் வேண்டும், ஆனால் அதை இங்கேயே, இன்றைக்கே திறந்து போட ஆரம்பியுங்கள். ஃபவுண்டேஷன், லிப்ஸ்டிக், பிளஷ் போல இரவில் துடைத்து எடுத்துவிடுகிறவற்றை அங்கே ஓரளவு முயன்று பார்க்கலாம்.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், லேயில் இறங்கும் அன்று மாறுவது கிரீம் மட்டும் இல்லை. காற்று, தண்ணீர், வெயில், சாப்பாடு, தூக்கம் எல்லாமே ஒரே நாளில் மாறுகின்றன. மூன்றாம் நாள் கன்னம் சிவந்து தடித்தால் எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது. இதில் பலர் மறந்துவிடுவது மாத்திரையை. மலை நோய்க்காக, அதாவது உயரம் ஒத்துக்கொள்ளாமல் வரும் தலைவலி, குமட்டலுக்காகப் பலருக்கும் எழுதித் தரப்படும் அசெட்டசோலமைடு, அதாவது டயமாக்ஸ், சிலருக்கு விரல் நுனியிலும் வாயைச் சுற்றியும் குறுகுறுப்பைத் தரும். அபூர்வமாகத் தோலில் தடிப்பும் வரும். புது சீரமும் புது மாத்திரையும் ஒரே நாளில் ஆரம்பித்தால், உதட்டோரம் குறுகுறுப்பது எதனால் என்று தெரியாமல் நல்ல சீரத்தைத் தூக்கி எறிவீர்கள், அல்லது தேவையான மாத்திரையை நிறுத்திவிடுவீர்கள். இரண்டாவதுதான் ஆபத்து. சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை மாத்திரை எழுதும் மருத்துவரிடம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.

எரிச்சல் வேறு, அலர்ஜி வேறு. எரிச்சல் போட்ட சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ வரும், போட்ட இடத்தோடு நிற்கும், காந்தும். அலர்ஜி பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாள் கழித்து வரும், அரிக்கும், பொடிப்பொடியாகத் தடித்து, போடாத இடத்துக்கும் பரவும். லேயில் முதல் நாள் பூசியது நுப்ராவிலோ பாங்கோங்கிலோதான் வேலையைக் காட்டும். அங்கே நல்ல மருந்துக்கடையைத் தேட வேண்டியிருக்கும்.

அதனால் சோதனையை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். முழங்கை மடிப்புக்குக் கீழே, முன்கையின் உள்பக்கம், ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய இடத்தில் காலையும் இரவும் 7 நாள் தடவுங்கள். ஒரே தடவை தடவி மறுநாள் பார்த்துவிட்டு 'ஒன்றும் ஆகவில்லை' என்பது சோதனை இல்லை. தாமதமாக வரும் அலர்ஜி அதில் சிக்காது. ஒரு வாரம் ஒன்றும் இல்லையென்றால் தாடையோரத்தில் மூன்று இரவு, பிறகு முழு முகம். ஒரு கைக்கு ஒரு பொருள், அவ்வளவுதான். ஃபேஸ் வாஷைத் தடவி ஊறவிடாதீர்கள், கழுவுகிற பொருள் தோலில் தங்கினால் யாருக்கும் எரியும்.

ரெட்டினால் இந்தச் சோதனையில் தேறினாலும் பயணத்துக்கு ஆகாது. தோல் அதற்குப் பழகச் சில வாரங்கள் ஆகும். வாரத்துக்கு இரண்டு மூன்று இரவு, பட்டாணி அளவு என்று தொடங்கினாலும் முதல் வாரங்களில் உரிதலும் சிவப்பும் சகஜம். அந்த உரிதல் லடாக்கின் வறண்ட குளிரில் இரண்டு மடங்காகத் தெரியும். ஏற்கெனவே பழகியவர்கள்கூடக் கிளம்ப நாலைந்து நாள் முன்பே நிறுத்தினால் நல்லது. இறந்த தோலை உரிக்கும் கிளைகாலிக் அமிலம் போன்றவை தோலை வெயிலுக்கு எளிதில் இலக்காக்கும், நிறுத்திய பிறகும் ஒரு வாரம்வரை அந்தக் கூச்சம் இருக்கலாம். ஆகவே அவற்றுக்கு ஒரு வார இடைவெளி விடுங்கள்.

வெயில் விஷயம் சாதாரணமில்லை. லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10% கூடும். குளிர் காற்றில் சுடுவது தெரியாது, சாயந்திரம் கண்ணாடியைப் பார்க்கும்போதுதான் தெரியும். புதுப் பனி விழுந்த கணவாயில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறீர்கள் என்றால், பனி அந்தக் கதிரில் 80% வரை கீழிருந்து திருப்பி அடிக்கும். ஆகவே தாடையின் அடிப்பக்கம், மூக்குத்துவார ஓரம், காது மடல், பின்கழுத்து எல்லாவற்றிலும் சன்ஸ்கிரீன் பட வேண்டும். உதட்டுக்கு எஸ்.பி.எஃப். உள்ள பாம் போடுங்கள். மென்தால், கற்பூரம் சேர்த்த 'ஜில்' பாம் வெடித்த உதட்டை மேலும் காந்த வைக்கும்.

அளவு: ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் அடி முதல் நுனி வரை ஒரு கோடு பிதுக்கினால் ஏறக்குறைய 1 கிராம். முகத்துக்கும் கழுத்துக்கும் ஒரு தடவைக்கு அது குறைந்தபட்சம். வெளியில் இருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, சராசரியாக நாளுக்கு நான்கு தடவை என்றால் 8 நாளுக்கு ஒருவருக்கு 32 கிராம். 50 கிராம் டியூப் ஒருவருக்குத் தாராளம், இருவருக்குப் போதாது. சாம்பிள் பாக்கெட்டில் இருப்பது 1 மில்லி அல்லது 2 மில்லி. அதை நம்பிப் போகிறவர்கள் பட்டாணி அளவு தடவிவிட்டு 'எஸ்.பி.எஃப். 50 போட்டும் கறுத்துட்டேன்' என்பார்கள். சாம்பிளை வைத்து வாசனையும் பிசுபிசுப்பும் பிடிக்கிறதா என்று பார்க்கலாம், அதற்குமேல் அது எதையும் சொல்லாது. பல பாக்கெட்டுகளில் சேர்பொருள் பட்டியல்கூட இருக்காது, பிறகு அலர்ஜி வந்தால் மருத்துவரிடம் காட்ட ஒன்றும் இருக்காது. முழுப் பெட்டியின் பின்பக்கத்தைப் படம் எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

வறட்சிக்கு, ஈரத்தைப் பிடித்துவைக்கும் ஹயலுரானிக் சீரம் எடுத்துப் போகிறவர்கள் அதை ஈர முகத்தில் தடவி, உடனே மேலே கெட்டியான கிரீம் போட வேண்டும். காய்ந்த முகத்தில் தனியாகப் போட்டால் இன்னும் இழுத்துப் பிடிக்கும். நம்ம ஊர்க்காரர்கள் நம்பி எடுத்துப்போகும் தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும், குறுகிய வாய் பாட்டிலில் இருந்தால் வெளியே வராது. வாஸ்லின் டப்பா அந்தக் குளிரிலும் வேலை செய்யும்.

இப்போது பாட்டில். லேயில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். சென்னையில் மூடிய பாட்டிலுக்குள் இருக்கும் காற்று அங்கே ஒன்றரை மடங்காக விரியும். சிப்ஸ் பாக்கெட் உப்புவது இதனால்தான். ஃபவுண்டேஷனைத் திறந்ததும் துப்பட்டாவில் பீய்ச்சுவதும் இதனால்தான். மூடும் முன் டியூபை அமுக்கி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். மூடிக்கு அடியில் சமையலறை கிளிங் ஃபிலிம் ஒரு துண்டு வைத்துத் திருகுங்கள். அங்கே போனதும் நிமிர்த்தி வைத்து, மெதுவாக, டிஷ்யூ சுற்றித் திறங்கள்.

ஃபவுண்டேஷன் நிறத்தைத் தாடையோரத்தில் பூசி 15 நிமிடம் விட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். சில வகைகள் காற்றுப் பட்டதும் ஒரு படி கறுக்கும். கடை விளக்கிலும் ஓட்டல் மஞ்சள் விளக்கிலும் எல்லா நிறமும் பொருந்துவது போலத்தான் தெரியும். சன்ஸ்கிரீன் போட்டுப் பத்து நிமிடம் பொறுக்காமல் மேலே ஃபவுண்டேஷனைத் தேய்த்தால் அழுக்கு திரள்வது போல உருண்டு வரும். தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். வறண்ட முகத்தில் பவுடர் கோடு கோடாக வெடிக்கும், அங்கே கிரீம் வகைதான் நிற்கும். கடை டெஸ்டர் லிப்ஸ்டிக்கை உதட்டில் வைக்காதீர்கள், புறங்கையோடு நிறுத்துங்கள்.

ஏதாவது ஆகிவிட்டால் புதிது பழையது பார்க்காமல் எல்லா அழகுப் பொருளையும் நிறுத்தி, வெறும் தண்ணீரில் கழுவி, ஈரத் துணி ஒற்றி, வாஸ்லின் மட்டும் தடவுங்கள். மருந்துக்கடையில் கேட்டதும் எடுத்து நீட்டும் 'மூன்று மருந்து கலந்த' கிரீம்களில் பெரும்பாலும் ஸ்டீராய்டு இருக்கும், முகத்தில் வேண்டவே வேண்டாம். உயரத்தில் கண்ணைச் சுற்றி லேசாக வீங்குவது அலர்ஜி இல்லாமலும் நடக்கும், அதில் அரிப்பு இருக்காது. உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு திணறினாலோ காரணம் ஆராயாமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

அங்கே வாங்கத் தகுந்தது ஆப்ரிகாட் எண்ணெயும், முட்புதரில் காய்க்கும் சின்னப் பழமான சீபக்தார்னின் எண்ணெயும். ஆப்ரிகாட்டை லடாக்கில் சுலி என்பார்கள். மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள், சிக்கு வாடை அடித்தால் பழையது. இரண்டுமே சன்ஸ்கிரீனுக்கு மாற்று இல்லை. சீபக்தார்ன் பழ எண்ணெய் ஆரஞ்சு நிறம், இரண்டு சொட்டுக்கு மேல் போட்டால் தலையணை உறை கறையாகும். வாங்கியதைத் திறக்காமல் ஊருக்குக் கொண்டுவந்து, முன்கையில் அதே 7 நாள் தடவிவிட்டு முகத்துக்குப் போங்கள். அங்கே இதமாக இருக்கும் கெட்டிக் கிரீமும் எண்ணெயும் சென்னைப் புழுக்கத்தில் நெற்றியெல்லாம் பொரிப்பொரியாக ஆக்கலாம், அப்போது குதிகாலுக்கும் முழங்கைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.