ஊரப்பாக்கம் வீட்டை விற்றுவிட்டு பின்னி மில் பக்கம் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 45. ஊரப்பாக்கத்தில் அரை கிரவுண்டில் சொந்த வீடு. கடன் இல்லை. இப்போது 75 லட்சத்துக்குக் கேட்கிறார்கள். எனக்குப் பாரிமுனையில் வேலை, மனைவிக்கு எழும்பூரில். இருவர் சம்பளமும் சேர்த்து கைக்கு 1.45 லட்சம் வருகிறது. மகள் எட்டாவது படிக்கிறாள். பெரம்பூர் பின்னி மில் இருந்த இடத்து அடுக்குமாடியில், கட்டி முடித்த இரண்டு படுக்கையறை ஃபிளாட் 1.25 கோடிக்கு வருகிறது. அங்கே வாடகை 30,000. வாங்கலாமா?

பதில்: போகலாம். ஆனால் இப்போது வாங்க வேண்டாம்.

1.25 கோடியோடு பத்திரச் செலவு 7 சதவீதம், மர வேலை, சாமான் மாற்றும் செலவு எல்லாம் சேர்த்தால் 1.40 கோடியைத் தொடும். வீட்டை விற்று 75 லட்சம் போட்டாலும் 65 லட்சம் கடன் வாங்க வேண்டும். வங்கி 20 வருடம் தரலாம், ஆனால் உங்கள் சம்பளம் 60 வயதில் நின்றுவிடும். ஆகவே 15 வருடக் கணக்கு போடுங்கள். 8.5 சதவீத வட்டியில் தவணை மாதம் 64,000. முதல் மாதத் தவணையில் 46,000 வெறும் வட்டி!

அதே ஃபிளாட்டில் வாடகைக்கு இருந்தால்? வாடகையும் பராமரிப்பும் 34,000 என்று வையுங்கள். ஊரப்பாக்கம் வீட்டை 15,000க்கு விட்டால் கைவிட்டுப் போவது 19,000தான். வருட வாடகை விலையில் 3 சதவீதம்கூட வராத இடத்தை 8.5 சதவீதக் கடனில் வாங்குவதற்கு வேறு வலுவான காரணம் வேண்டும்.

'போக்குவரத்துச் செலவு மிச்சம்' என்று பலரும் சொல்வார்கள். மின்சார ரயில் சீசன் டிக்கெட்டில் என்ன பெரிதாக மிச்சமாகிவிடும்? உங்களுக்கு மிச்சமாவது நேரம். அதற்காக மாதம் 19,000 தரலாம் என்பது என் கருத்து. 64,000 தருவது அதிகம்.

இன்னொன்று. உங்களிடம் இருப்பது மண். கட்டடம் பழசானாலும் அரை கிரவுண்டு உங்களுடையது. கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் பக்கத்திலேயே வந்துவிட்டதால் வாடகைக்கு ஆள் கிடைப்பதும் சிரமமில்லை. உயர அடுக்ககத்தில் உங்கள் பெயரில் வரும் பிரிபடாத பங்கு (மொத்த மனையில் உங்கள் ஃபிளாட்டுக்குரிய நிலம்) எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் பாருங்கள். பலருக்கும் அந்த எண்ணைப் பார்த்ததும் முகம் மாறும். விற்கும் அளவு வேறு, உள்ளே நடமாடும் கார்ப்பெட் ஏரியா வேறு என்பதையும் மறக்க வேண்டாம்.

மெட்ரோ வந்தால் விலை ஏறிவிடும் என்று தரகர் சொல்லியிருப்பார். பெரம்பூர், ஓட்டேரி, பட்டாளம் வழியாகப் பாதை வருவது உண்மைதான். ஆனால் அதையும் சேர்த்துத்தான் இன்றைய விலையைச் சொல்கிறார்கள்.

சரி, என்ன செய்யலாம்? மகள் ஒன்பதாவது சேரும் ஜூனில் மாறுங்கள். பத்தாவதில் பள்ளி மாற்ற வேண்டாம். 11 மாத ஒப்பந்தம் போட்டு ஒரு மழைக்காலம் அங்கே இருந்து பாருங்கள். பட்டாளம், புளியந்தோப்பு பக்கம் தண்ணீர் நிற்கும். வளாகம் மேடாக இருந்தாலும் தெருவில் இறங்கித்தானே ஆக வேண்டும்?

அப்புறமும் பிடித்திருந்தால் வீட்டை விற்கலாம். விற்ற பின் இரண்டு வருடத்துக்குள் லாபத்தை இன்னொரு வீட்டில் போட்டால் மூலதன ஆதாய வரி விலக்கு உண்டு, அதனால் அவசரம் இல்லை. அதுவரை ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடாதீர்கள்.