மஸ்டரில் பெயர் இல்லை என்றால் இழப்பீடு கிடைக்காதா?

கேள்வி: ஃபெஞ்சல் புயலுக்கு மறுநாள் இரவு (2024 டிசம்பர்), ரோட்டில் சாய்ந்த புளியமரத்தை வெட்டப் போன என் கணவர் கிளை விழுந்து இறந்துவிட்டார். வயது 30, தினக்கூலி 800 ரூபாய். நகராட்சி வேலை எடுத்திருந்த ஒப்பந்ததாரர் போனில் கூப்பிட்டுத்தான் போனார். மஸ்டரில் (வேலையாட்களின் வருகைப் பதிவேட்டில்) பெயர் இல்லை. காரியத்தன்று 2 லட்சம் கொடுத்துப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். ‘குடித்திருந்தார், ஹெல்மெட் போடவில்லை, இனி ஒன்றும் கிடைக்காது’ என்கிறார்கள். ஒருவர் 30 சதவீதம் கொடுத்தால் வாங்கித் தருகிறேன் என்கிறார். நம்பலாமா?

பதில்: சகோதரி, முதலில் அந்த 30 சதவீத ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். வழக்கில் கிடைக்கும் பணத்தில் பங்கு பேசுவது வக்கீலுக்கே விதிப்படி தவறு. இவர் வக்கீலும் இல்லை. பிணவறை வாசலில் நிற்பார், காரியத்துக்கு வருவார், ‘அண்ணன் மாதிரி நினைச்சுக்கோம்மா’ என்று சொல்லி வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்குவார். ஆதார் ஜெராக்ஸ்கூடக் கொடுக்காதீர்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100க்கு போன் செய்யுங்கள்.

நீங்கள் கையெழுத்துப் போட்ட பத்திரத்துக்கு மதிப்பில்லை. 1923ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டப்படி, உரிமையை விட்டுக்கொடுத்து எழுதுவது செல்லாது. மரண இழப்பீட்டை முதலாளி ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். பெரும்பாலும் தொழிலாளர் துணை ஆணையர்தான் அந்த ஆணையர். குடும்பத்தின் கையில் நேரடியாகக் கொடுத்தது இழப்பீடாகாது. மூன்று மாதச் சம்பளம் வரை கொடுத்ததை மட்டும் முன்பணமாகக் கழிக்கலாம், அவ்வளவுதான்.

எவ்வளவு வரும் என்று பார்ப்போம். கூலி அதிகமாக இருந்தாலும் மாதம் 15,000 ரூபாய் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதில் பாதி 7,500. வயதைப் பொறுத்துச் சட்டம் ஒரு பெருக்கும் எண் வைத்திருக்கிறது; முப்பது வயதுக்கு அது 207.98. பெருக்கினால் 15,59,850 ரூபாய். உரிய தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி சேரும், தகுந்த காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் அபராதமும் உண்டு. அவர்கள் கொடுத்த 2 லட்சத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இனி அந்தக் குடிப் பேச்சு. இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் இதைச் சொல்லித்தான் எல்லோரையும் பயமுறுத்துகிறார்கள். குடித்திருந்ததால் விபத்து நடந்தது, கொடுத்த பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே ஒதுக்கினார் என்ற வாதங்கள் சட்டத்தில் இருப்பது உண்மைதான். உங்கள் கணவருக்குக் கால் முறிந்திருந்தால் ஒப்பந்ததாரர் அதைச் சொல்லிப் பார்க்கலாம். அப்போதும் போதைதான் நேரடிக் காரணம் என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். ஹெல்மெட் கொடுக்கவே இல்லை என்றால் அதை ஒதுக்கினார் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் இறந்துவிட்டால் இந்த வாதம் எடுபடாது. நிரந்தர முழு ஊனத்துக்கும் அப்படியே. உடற்கூறு அறிக்கையில் சாராயம் என்று எழுதியிருந்தாலும் மரணத்துக்கான இழப்பீட்டைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆபீஸில் யாராவது ‘விஸரா ரிப்போர்ட் (உள்ளுறுப்புகளின் ரசாயனப் பரிசோதனை அறிக்கை) வரட்டும்மா’ என்று இழுத்தால், மனுவை வாங்கிக்கொண்டு ரசீது தரச் சொல்லுங்கள்.

ஒருநாள் வேலைக்குப் போனவருக்குக் கிடையாது என்பதும் பொய். தற்காலிக ஆட்களைத் தள்ளி வைத்திருந்த பிரிவை 2000ஆம் ஆண்டிலேயே எடுத்துவிட்டார்கள். இழப்பீடு பெறத்தக்க வேலைகளைச் சொல்லும் சட்டத்தின் அட்டவணையில் பனை ஏறுவதும் மரம் வெட்டுவதும் ஒரே வரியில் இருக்கின்றன. ஒப்பந்ததாரரோடு நகராட்சியையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் கைவிரித்தாலும் நகராட்சி கொடுத்துவிட்டு அவரிடம் வசூலித்துக்கொள்ளும். ஈ.எஸ்.ஐ.யில் (தொழிலாளர் காப்பீட்டுத் திட்டத்தில்) பதிவாகியிருந்தால் மட்டும் வழி வேறு.

புயல் நிவாரணமாக அரசு தரும் பணம் தனிக் கணக்கு. மீட்பு வேலையில் இறந்தவருக்கும் அது உண்டு. தாசில்தாரிடம் மனு கொடுங்கள். ‘அரசாங்கம் கொடுத்துவிட்டதே’ என்று ஒப்பந்ததாரர் தப்ப முடியாது.

இறந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் ஆணையரிடம் இழப்பீட்டு மனுப் போட வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் பழைய சட்டத்துக்குப் பதிலாகச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டதே என்று யாராவது குழப்பினால், சாவு அதற்கு முன்பே நடந்தது, பழைய கணக்குதான் என்று சொல்லுங்கள். கவுண்டரில் இருப்பவருக்குத் தெரியாததற்கு நீங்கள் ஏன் அலைய வேண்டும்?

எஃப்.ஐ.ஆர். நகலை இன்றே வாங்கிப் படியுங்கள். முன்பு நான் நடத்திய ஒரு வழக்கில், கையில் ரம்பத்தோடு இறந்தவரை ‘வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தபோது’ என்று எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வரியை உடைக்க மூன்று சாட்சிகளைத் தேடி அலைந்தோம்.

மஸ்டர் இல்லாததற்கு, அன்றிரவு வந்த அழைப்பு இருக்கும் போனைப் பத்திரமாக வையுங்கள், யாரிடமும் கொடுக்காதீர்கள். அதோடு, அந்தப் புளியமரத்தை வெட்டியதற்கு ஒப்பந்ததாரர் கட்டாயம் பில் போட்டிருப்பார். நகராட்சிக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு போட்டு, வேலை உத்தரவு, எம்-புக் (செய்த வேலையின் அளவுப் பதிவேடு), பில் மூன்றின் நகலையும் கேளுங்கள். தெருப் பெயரும் தேதியும் எழுத மறக்காதீர்கள். ‘எல்லா ஆவணங்களும்’ என்று பொதுவாகக் கேட்டால், தெளிவாக இல்லை என்று ஒரு மாதம் கழித்துத் திருப்பி அனுப்புவார்கள்.