மிக்ஸ் பாக்கெட்டை ஏன் ஒளிச்சு வைக்கணும்? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல போகிற போக்குல ஒரு வரி எழுதி வச்சேன், அவசரத்துக்கு கேக் மிக்ஸ், அதான் மாவு சர்க்கரையெல்லாம் அளந்து கலந்து பாக்கெட்ல வர்ற பொடி, போட்டா ஒண்ணும் தப்பில்லன்னு. அதுக்கு வந்த பாதி கடிதம் பாராட்டு, மீதி திட்டு. திட்டினவங்களையும் சேர்த்தே இந்த தடவை பதில் சொல்லிடறேன். பேர் போட வேணாம்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க, அதனால யார் பேரும் போடல.

கேள்வி: அக்கா, ஆபீஸ்ல ஒருத்தருக்கு பிறந்தநாள்னு கேக் செஞ்சு எடுத்துட்டு போனேன். "நீங்களே செஞ்சதா?"ன்னு எல்லாரும் கேட்டாங்க, ஆமான்னு தலையாட்டிட்டேன். ஆனா அது பாக்கெட் மிக்ஸ். அப்போலேருந்து உறுத்திக்கிட்டே இருக்கு. மிக்ஸ்ல செஞ்சது வீட்டு கேக் கணக்குல வருமா வராதா?

பதில்: வரும்மா, தாராளமா வரும். முட்டை உடைச்சது நீங்க, டின்ல வெண்ணெய் தடவினது நீங்க, ஓவன் கண்ணாடி வழியா எட்டி எட்டி பாத்ததும் நீங்கதான். யாராவது ரெசிபி கேட்டா மட்டும் உண்மைய சொல்லிடுங்க, இல்லன்னா பாவம் அவங்க வீட்ல போய் மைதா, சர்க்கரைன்னு அளந்து செஞ்சு பாத்துட்டு உங்கள மாதிரி வரலையேன்னு மண்டைய உடைச்சுக்குவாங்க.

இந்த உறுத்தலுக்கு வயசு 90 ஆகுது. 1930-கள்ல அமெரிக்காவுல பிட்ஸ்பர்க்ல டஃப் அண்ட் சன்ஸ்னு ஒரு மொலாசஸ் கம்பெனி இருந்துச்சு, மொலாசஸ்னா கரும்புச்சாறுலேருந்து சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சற கருப்பு பாகு, அதை காய வச்சு பொடியாக்கி மாவோட கலந்து ஜிஞ்சர்பிரெட் மிக்ஸ்னு வித்தாங்க. முட்டையும் பொடியா உள்ளயே இருக்கும், தண்ணி மட்டும் ஊத்தினா போதும். அப்புறம் 1935-ல வாங்கின பேட்டன்ட்லயே அவங்க எழுதிட்டாங்க, வாங்கறவங்களுக்கு முட்டைய தாங்களே உடைச்சு ஊத்தறதுதான் பிடிக்குதுன்னு. ஆனா ஊர் உலகமெல்லாம் சொல்ற கதை வேற. 1950-கள்ல எர்னஸ்ட் டிக்டர்னு ஒரு உளவியல்காரர், மிக்ஸ் போடற பெண்களுக்கு குற்ற உணர்ச்சி வருது, ஒரு முட்டைய அவங்க கைல விட்டா சரியாயிடும்னு கண்டுபிடிச்சதாவும், அதுக்கு அப்புறம்தான் கம்பெனிங்க முட்டைய வெளிய எடுத்ததாவும் சொல்லுவாங்க. வருஷத்தை வச்சு பாத்தாலே அந்த கதை நிக்கல. என்னைக் கேட்டா, பொடி முட்டைய விட நல்ல முட்டைல கேக் ருசியா வரும், விஷயம் அவ்ளோதான்.

கேள்வி: மிக்ஸ்ல செஞ்சா பஞ்சு மாதிரி வருது. அதே நான் மைதா, வெண்ணெய், சர்க்கரைன்னு எல்லாம் எடுத்து வச்சு பொறுமையா செஞ்சா செங்கல் மாதிரி வருது. மூணு தடவை ஆச்சு. எனக்கு கை ராசி இல்லையா?

பதில்: ராசியெல்லாம் ஒண்ணும் இல்ல. மிக்ஸ்ல உங்களுக்கு பதிலா இன்னொருத்தர் அளந்து வச்சுட்டாரு, அதான் வித்தியாசம். அதோட எமல்சிஃபையர்னு ஒண்ணு சேர்ப்பாங்க, எண்ணெயையும் தண்ணியையும் பிரியாம பிடிச்சு வைக்கறது, காத்துக் குமிழியையும் உடையாம காப்பாத்தும், அதனால நீங்க கொஞ்சம் அப்படி இப்படி கலக்கினாலும் மிக்ஸ் மன்னிச்சு விட்டுடும். வீட்டு மாவுக்கு அந்த பெரிய மனசு கிடையாது.

முதல் சந்தேகம் எனக்கு உங்க கப் மேலதான். நான் ஆரம்பத்துல கப்புனா காபி குடிக்கற மக்னு நினைச்சுட்டு இருந்தேன், சிரிக்காதீங்க. ரெசிபில சொல்ற கப் 240 மிலி, என் மக் 350 மிலி. மைதா ஏறிடுச்சு, சர்க்கரை ஏறிடுச்சு, பால் ஏறிடுச்சு, ஆனா முட்டை அதே மூணு, பேக்கிங் பவுடர் அதே ரெண்டு ஸ்பூன். எப்படி உப்பும்? சரியான கப்பே வச்சிருந்தாலும், மாவை லேசா ஸ்பூன்ல அள்ளி போட்டு தலைய வழிச்சா 120 கிராம் வரும், கப்பை மாவுக்குள்ளயே விட்டு அமுக்கி அள்ளினா 150 வரைக்கும் போகும். ரெண்டு கப்புக்கு 60 கிராம் மாவு கூடுதலா போயிடுச்சுன்னா செங்கல்தான். ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிடுங்க, பாதி பிரச்சனை அங்கயே முடிஞ்சுது.

அடுத்தது வெண்ணெயும் சர்க்கரையும் அடிக்கற வேலை. இதை நிறைய பேர் "கலந்தா போதும்"னு நினைச்சு ஒரு நிமிஷத்துல முடிச்சுடறாங்க. பேக்கிங் பவுடர் புதுசா குமிழி எதையும் உண்டாக்காது, ஏற்கனவே மாவுக்குள்ள இருக்கற குமிழிய பெருசாக்கும், அவ்வளவுதான். அந்த முதல் குமிழிங்கள உள்ள ஏத்தறது நீங்க அடிக்கற அடிதான், சர்க்கரைத் துணுக்கு ஒவ்வொண்ணும் வெண்ணெய்ல கீறிக்கிட்டே போகும், அந்த கீறல்ல காத்து மாட்டிக்கும். அதுக்கு வெண்ணெய் பதமா இருக்கணும், விரலால அமுக்கினா குழி விழணும், ஆனா விரல் வழுக்கிட்டு உள்ள போகக்கூடாது, 18லேருந்து 20 டிகிரி செல்சியஸ்னு வச்சுக்கோங்க. உருகின வெண்ணெய்ல காத்து தங்காது, ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்த கட்டி வெண்ணெய்ல காத்து ஏறவே ஏறாது. பீட்டர்ல நாலு அஞ்சு நிமிஷம் அடிங்க. முதல்ல மஞ்சளா ஈர மணல் மாதிரி சரசரன்னு இருக்கும், கொஞ்ச நேரத்துல சத்தமே மாறும், மொத்துமொத்துன்னு கேக்கும், நிறம் வெளுத்து தந்தம் மாதிரி ஆகும், பாத்திரத்து ஓரத்துல ஏறி ஒட்டிக்கும். அப்போ நிறுத்துங்க.

முட்டைய ஒவ்வொண்ணா ஊத்துங்க, அதுவும் குளிர் விட்ட முட்டையா. ஜில்லுன்னு ஊத்தினா பால் திரிஞ்ச மாதிரி ஆயிடும், பயப்படாதீங்க, ஒரு ஸ்பூன் மைதா போட்டு கலக்கினா சேர்ந்துக்கும். மைதா மொத்தமும் போட்ட பிறகு மட்டும் கைய கட்டிக்கோங்க, வெள்ளை தெரியற வரைக்கும் கலக்குங்க, மறைஞ்சதும் விடுங்க. அதுக்கு மேல கலக்க கலக்க மாவு சவ்வு பிடிச்சு கேக் ரப்பர் ஆகும், வெட்டினா உள்ள சுரங்கம் சுரங்கமா ஓட்டை தெரியும்.

இதெல்லாம் செஞ்சும் செங்கல் வந்துச்சுன்னா அடுத்த சந்தேகம் ஓவன். 180ன்னு முள்ளு சொல்லும், உள்ள 160 கூட இருக்காது. ஓவன் தெர்மாமீட்டர் ஒண்ணு உள்ள தொங்க விட்டு பாருங்க.

கேள்வி: மிக்ஸ் முழுக்க கெமிக்கல். இதை போய் சிபாரிசு பண்றீங்களே, பத்திரிகைக்கு பொறுப்பு வேணாமா?

பதில்: கோவம் புரியுது சார். ஆனா உங்க அலமாரில பேக்கிங் பவுடர் டப்பா இருக்கும்ல, அதை திருப்பி பின்னாடி படிங்க. சமையல் சோடா, ஒண்ணோ ரெண்டோ அமில உப்பு, ஈரம் இழுக்காம இருக்க கொஞ்சம் ஸ்டார்ச். சோடாவையும் அமிலத்தையும் தனித்தனியா அளக்கற வேலைய மிச்சம் பண்ண யாரோ கலந்து டப்பால அடைச்சது, சுருக்கமா சொன்னா அதுவே ஒரு ரெடி மிக்ஸ். 1843-ல இங்கிலாந்துல ஆல்ஃபிரட் பேர்ட்னு ஒருத்தர் இதை செஞ்சாரு, அவர் மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்காதாம். அதை போட்டு செஞ்சுட்டு "எல்லாம் நானே ஆரம்பத்துலேருந்து செஞ்சேன்"னு சொல்றோம், யாரும் கேள்வி கேக்கறதில்ல.

எமல்சிஃபையர்ங்கற பேரும் பயப்படறதுக்கு இல்ல. முட்டை மஞ்சக்கரு கேக்ல செய்யற வேலைல பாதி அதுதான், அதுல இருக்கற லெசித்தின் ஒரு எமல்சிஃபையர். மிக்ஸ் மேல எனக்கும் குறை உண்டு, ஆனா அது வேற குறை. சர்க்கரைய குறைக்க முடியாது, என்ன கொழுப்பு போட்டிருக்காங்கன்னு நாம தேர்ந்தெடுக்க முடியாது, வெனிலான்னு எழுதியிருந்தாலும் பெரும்பாலும் செயற்கை வெனிலின்தான். வீட்ல யாருக்காவது அலர்ஜி இருந்தா லேபிள்ல ஒவ்வொரு வரியா படிச்சுட்டுதான் வாங்கணும். இதுக்காக நீங்க மிக்ஸ் வேணாம்னு சொன்னா நானும் உங்க கட்சிதான்.

கேள்வி: பேக்கிங் பவுடர் தீர்ந்து போச்சு, அதே அளவு சோடா போட்டுடலாமா?

பதில்: ஐயோ வேணாம். சோடாவுக்கு மூணு நாலு மடங்கு வேகம், போதாக்குறைக்கு புளிப்பு இல்லாம அது வேலையும் செய்யாது, கேக் சோப்பு மாதிரி கசக்கும். ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடருக்கு கால் டீஸ்பூன் சோடா, கூட புளிப்புக்கு அரை டீஸ்பூன் கிரீம் ஆஃப் டார்டார்ங்கற அமிலப் பொடி. அது இல்லன்னா பாலுக்கு பதிலா மோரோ தயிரோ ஊத்துங்க.

கேள்வி: நேரம்தான் பிரச்சனை அக்கா. ரெண்டு சின்ன பசங்க. மிக்ஸ் போட்டா எவ்வளவு நேரம் மிச்சம், நிஜமா சொல்லுங்க.

பதில்: நானே ஒரு நாள் கடிகாரத்தை வச்சு ரெண்டையும் செஞ்சு பாத்தேன். மிக்ஸ் பிரிச்சதுலேருந்து டின் ஓவனுக்குள்ள போற வரைக்கும் 9 நிமிஷம். எண்ணெய் ஊத்தற சாதாரண வெனிலா கேக் எல்லாத்தையும் அளந்து செஞ்சப்போ 17. அதுக்கு அப்புறம் வேகற நேரம், ஆறற நேரம், பாத்திரம் கழுவற நேரம் எல்லாம் ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆக எட்டு நிமிஷம் மிச்சம். பசங்க காலை பிடிச்சு இழுக்கறப்போ எட்டு நிமிஷம் பெருசுதான், மறுக்கல. ஆனா வெண்ணெய் கேக்னா கணக்கு வேற, வெண்ணெய் பதத்துக்கு வர்ற வரைக்கும் காத்திருக்கணும், அடிக்கணும், அதுக்கு முக்கா மணி நேரம் ஒதுக்கணும்.

உங்களுக்கு நடுவுல ஒரு வழி இருக்கு, மிக்ஸை நீங்களே செஞ்சு வச்சுக்கறது. 200 கிராம் மைதா, 200 கிராம் சர்க்கரை, ரெண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், கால் டீஸ்பூன் உப்பு, ரெண்டு டேபிள்ஸ்பூன் பால் பவுடர். சலிச்சு கலந்து ஈரமில்லாத ஜாடில போட்டு மூடி, மேல தேதி எழுதி ஒட்டிடுங்க. ஒரு ஜாடி ஒரு கேக். பசங்க தூங்கற நேரத்துல நாலு ஜாடி போட்டு வச்சா ரெண்டு மாசத்துக்கு கவலையில்ல. செய்யற அன்னைக்கு ரெண்டு முட்டை, 100 மிலி எண்ணெய், 180 மிலி பால், ஒரு ஸ்பூன் வெனிலா எசன்ஸ் ஊத்தி கட்டி இல்லாம கலந்து, 20 சென்டிமீட்டர் டின்ல 180 டிகிரில 35லேருந்து 40 நிமிஷம். நடுவுல குச்சி குத்தினா சுத்தமா வரணும். இதுல எண்ணெய்ங்கறதால அடிக்கற வேலை இல்ல, மறுநாளும் மெத்துன்னே இருக்கும், ஏன்னா எண்ணெய் வெண்ணெய் மாதிரி ஆறினதும் இறுகாது.

கேள்வி: மிக்ஸ் கேக் சாப்பிட்டா மிக்ஸ்னு கண்டுபிடிச்சுடறாங்க. எப்படி மறைக்கறது?

பதில்: மறைக்கணும்னு இல்ல, ஆனா ருசிய ஏத்தலாம். தண்ணிக்கு பதிலா பால், ஒரு முட்டை கூடுதல், ஒரு சிட்டிகை உப்பு. சாக்லேட் மிக்ஸ்னா தண்ணிக்கு பதிலா கடும் காபி டிகாஷன், காபி வாசனையே தெரியாது, சாக்லேட்தான் தூக்கலா தெரியும். எல்லாத்தையும் விட, ஐசிங்க நீங்களே செஞ்சுடுங்க. டப்பால வர்ற ரெடி ஐசிங் நாக்குல மெழுகு மாதிரி பூசிக்கும், அதுதான் உங்கள காட்டிக் கொடுக்குது. இன்னொரு விஷயம், பழைய ரெசிபில "ஒரு பாக்கெட் மிக்ஸ்"னு போட்டிருந்தா நம்பாதீங்க, பாக்கெட் எடைய சில கம்பெனிங்க அப்பப்போ குறைச்சிருக்காங்க, கிராம்ல எவ்வளவுன்னு பாருங்க.

என் வீட்ல நான் பிரவுனி மிக்ஸ் வாங்குவேன், வெட்கமே இல்லாம. ஆனா வெண்ணெய் வாசனைக்காகவே சாப்பிடற பவுண்ட் கேக்குக்கு மிக்ஸ் பக்கம் போகவே மாட்டேன். மாவு, வெண்ணெய், சர்க்கரை, முட்டை நாலும் சம எடை, வேற என்ன இருக்கு அதுல பாக்கெட்ல அடைக்க?

கேள்வி: பையன் கேக் மாவை அப்படியே பச்சையா நக்கறான். மிக்ஸ்ல முட்டை போடறதுக்கு முன்னாடி நக்கினா பரவாயில்லையா?

பதில்: அதுவும் வேணாம். பிரச்சனை முட்டை மட்டும் இல்ல, மைதாவும் வேகாத பொருள்தான், அதுல கிருமி இருக்கலாம், மிக்ஸுக்கும் அதே கதை. ஐசிங் பாத்திரத்தை அவன்கிட்ட கொடுத்துடுங்க.

கேள்வி: மிக்ஸ் தேதி முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு. தூக்கி போட மனசு வரல.

பதில்: முதல்ல மோந்து பாருங்க. சிக்கு வாடை அடிச்சா நேரா குப்பைக்கு, அந்த கொழுப்பு கெட்டுப் போச்சு. வாடை இல்ல, வண்டும் இல்லன்னா பேக்கிங் பவுடர் வலு மட்டும்தான் குறைஞ்சிருக்கும், புது பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன் சேர்த்து செய்யுங்க. புதுசுன்னு நீங்க நினைக்கற டப்பாவும் பழசா இருக்கலாம், அரை ஸ்பூன் எடுத்து வெந்நீர்ல போடுங்க, புஸ்ஸுன்னு நுரைச்சு பொங்கினா சரி, சும்மா அடில போய் உக்காந்துச்சுன்னா அதையும் சேர்த்து மாத்துங்க.